வீட்டு இணையம் ஏன் இழுக்கிறது? குறை எந்த இடத்தில் என்று கண்டறியும் முறை

100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் கட்டணம் போகிறது. ஆனால் மாலை எட்டு மணிக்குப் படுக்கையறையில் காணொளி அழைப்பு உறைந்து நிற்கிறது. எதிர்முனையில் வாய் அசைகிறது, குரல் வருவதில்லை. புகார் கொடுத்தால் லைன்மேன் வருகிறார். மோடத்துக்குப் பக்கத்தில் நின்று தன் கைப்பேசியில் வேகச் சோதனை செய்து 96 என்று காட்டுகிறார். "லைன் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். மறுநாள் மாலை அதே உறைதல். பொறுமை தீர்ந்ததும் வீட்டில் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுகிறார்கள். கட்டணம் கூடுகிறது, உறைதல் அப்படியே இருக்கிறது.

இதில் லைன்மேன் பொய் சொல்லவில்லை, வீட்டுக்காரரும் மிகைப்படுத்தவில்லை. இருவரும் வேறு வேறு இடத்தில் நின்று, வேறு வேறு பொருளை அளந்திருக்கிறார்கள். "நெட் ஸ்லோ" என்று நாம் சொல்லும்போது அதற்குள் குறைந்தது நான்கு வகைக் குறைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் மூன்றை, திட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதால் சரிசெய்ய முடியாது. எனவே அதிகக் கட்டணத் திட்டத்துக்கு மாறும் முன், குறை எது, எந்த இடத்தில் என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு மாலைப்பொழுதும், ஒரு துண்டுத் தாளும் போதும்.

நான்கு அளவுகள்

முதலில் ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட் கணக்கில் விற்கின்றன. கணினியும் கைப்பேசியும் கோப்புகளைப் பைட் கணக்கில் காட்டுகின்றன. 8 பிட் சேர்ந்தது 1 பைட். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட்; ஆகவே அந்த இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே இறங்கும். 1 ஜிகாபைட் கோப்பு இறங்க 80 நொடி ஆகும். பதிவிறக்கத்தில் "12" என்று பார்த்துவிட்டு ஏமாற்றப்பட்டதாக நினைப்பவர்கள் உண்மையில் முழு வேகத்தையும் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இணைப்பின் தரத்தை நான்கு அளவுகள் தீர்மானிக்கின்றன:

1. வேகம்: ஒரு நொடியில் எவ்வளவு தரவு கடக்கிறது என்பது. விளம்பரத்தில் வருவது இது ஒன்றுதான்.

2. தாமதம்: ஒரு சிறு கேள்வி போய், பதில் திரும்பி வர ஆகும் நேரம். மில்லிநொடியில் அளப்பார்கள்; சோதனைச் செயலிகளில் 'பிங்' என்று காட்டப்படுவது இதுதான்.

3. ஏற்ற இறக்கம்: அந்தத் தாமதம் ஒரே சீராக இருக்கிறதா, துள்ளுகிறதா என்பது. 'ஜிட்டர்' என்பார்கள். குரல் கரகரப்பதும் உடைவதும் பெரும்பாலும் இதனால்தான்.

4. இழப்பு: தரவு சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து பயணிக்கிறது. நூறு பொட்டலம் அனுப்பினால் எத்தனை வழியில் தொலைகின்றன என்பது இந்தக் கணக்கு.

வேகமும் தாமதமும் வேறு என்பதை அந்தமான் மக்கள் நன்கு அறிவார்கள். சென்னையிலிருந்து அங்கே செல்லும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை அந்தத் தீவுகள் பெரிதும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. புவிநிலைச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் தரையிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். பதிலும் அப்படியே வர வேண்டும். ஒளியின் வேகத்தில் சென்றாலும் இந்த நான்கு பயணத்துக்கு அரை நொடி போய்விடும். செயற்கைக்கோளில் எத்தனை எம்பிபிஎஸ் வாங்கினாலும் அந்த அரை நொடி குறையாது.

ஒரு வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு வேகம் தேவை? நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படங்களுக்குப் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ். முழு உயர்தெளிவுப் படத்துக்கு 5 எம்பிபிஎஸ். காணொளி அழைப்புக்கு மூன்று, நான்கு எம்பிபிஎஸ் தாராளம். இரண்டு தொலைக்காட்சியில் 4கே படம், அத்துடன் இரண்டு அழைப்புகள் என்று வைத்தாலும் கூட்டினால் 40 எம்பிபிஎஸ் தாண்டாது. 100 எம்பிபிஎஸ் திட்டம் இருந்தும் நால்வர் குடும்பத்தில் இணையம் இழுக்கிறது என்றால், காரணம் பெரும்பாலும் மற்ற மூன்று அளவுகளில் இருக்கிறது. அல்லது வாங்கிய வேகம் அறைவரை வந்து சேரவில்லை.

தரவு கடக்கும் பாதை

படுக்கையறைக் கைப்பேசியிலிருந்து ஒரு தளத்துக்குப் போகும் கேள்வி, வரிசையாக இவற்றைக் கடக்கிறது: கைப்பேசி, வைஃபை அலை, மோடம், வீட்டிலிருந்து தெருக்கம்பம் வழியாக நிறுவனத்தின் பரிமாற்றகம் (எக்ஸ்சேஞ்ச்) வரை செல்லும் ஃபைபர் என்ற கண்ணாடி இழை, நிறுவனத்தின் உள் வலையமைப்பு, அதைத் தாண்டிய வெளியுலகம். முதல் மூன்றும் நம் வீட்டுக்குள் உள்ளவை. அடுத்த இரண்டும் நிறுவனத்தின் பொறுப்பு. கடைசியில் உள்ளதை இருவராலும் தொட முடியாது.

மோடத்திலிருந்து நம் பக்கமா, மறுபக்கமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இந்த ஒரு பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேடல் முடிந்துவிடுகிறது. இந்தப் பதில் கிடைக்காமல் செய்யப்படும் புகார்கள்தான் மாதக்கணக்கில் இழுபடுகின்றன.

நடுவில் வைக்கும் சோதனை

1. மடிக்கணினி ஒன்றை லேன் கம்பியால் மோடத்தில் நேரடியாகச் செருகவும். கம்பி இல்லாத வீடுகளில், கைப்பேசியை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்து, மோடத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று சோதிக்கலாம். கம்பியின் துல்லியம் இதில் வராது. ஆனாலும் முதல் தீர்ப்புக்குப் போதும்.

2. மற்றச் சாதனங்களின் இணைப்பைத் துண்டிக்கவும். தொலைக்காட்சி, சிசிடிவி கேமரா, மற்றவர்களின் கைப்பேசி எல்லாம்தான்.

3. வேகச் சோதனையை மூன்று வேளை செய்யவும்: காலை, மதியம், இரவு எட்டரை மணி வாக்கில். மூன்று முறையும் பதிவிறக்கம், பதிவேற்றம், பிங் ஆகியவற்றை நேரத்தோடு எழுதிவைக்கவும்.

4. பிறகு வழக்கமாக இழுக்கும் அறையில், வைஃபையில், அதே சோதனையைச் செய்யவும்.

கம்பியில் மூன்று வேளையும் நல்ல வேகம், அறையில் மட்டும் மோசம் என்றால் குறை வைஃபையில். கம்பியிலும் எப்போதும் மோசம் என்றால் ஃபைபரையோ மோடத்தையோ சந்தேகிக்கலாம். பகலில் நன்றாக இருந்து இரவில் மட்டும் விழுந்தால் நெரிசல். வேக எண் எல்லா இடத்திலும் சரியாக இருந்தும் அழைப்பு உறைகிறது என்றால், அது கீழே தனியாக விளக்கப்படும் ஒரு நோய்.

இங்கே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: 94. திட்டம் 200 அல்லது 300 எம்பிபிஎஸ், ஆனால் கம்பியில் எத்தனை முறை சோதித்தாலும் 94, 95 என்றே நிற்கிறது என்றால், இணைய நிறுவனத்தைக் குறைசொல்ல வேண்டாம். கம்பி இணைப்பு பழைய 100 எம்பிபிஎஸ் நிலைக்கு இறங்கிவிட்டது என்பதன் கையெழுத்து அது. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு லேன் கம்பிக்குள் இருக்கும் எட்டு இழைகளில் நான்கு போதும். ஜிகாபிட் இணைப்புக்கு எட்டும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கியோ, முனையில் சரியாகக் கடிக்காமலோ ஓர் இழை அறுந்தாலும் சாதனங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். மோடத்தின் செருகுவாயே 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் இதே எண்தான் வரும். முதல் வகைக்கு ஒரு புதிய கம்பி போதும். இரண்டாவது வகையில் மோடத்தை மாற்றித் தரும்படி கேட்பது நியாயமான கோரிக்கை.

அடுத்தது பிங் சோதனை. கணினியின் கட்டளைச் சாளரத்தில் பிங் கட்டளையைத் தட்டி, முதலில் மோடத்தின் முகவரிக்குக் கேள்வி அனுப்பவும். பல வீடுகளில் அது 192.168.1.1, மோடத்தின் அடிப்பாகத்தில் ஒட்டிய தாளிலும் இருக்கும். பிறகு 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு அனுப்பவும். மோடம் வரை செல்லும் பயணம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கம்பியில் 1 மில்லிநொடியும், நல்ல வைஃபையில் சில மில்லிநொடியும்தான் ஆக வேண்டும். அங்கேயே 80, 200, 15, 400 என்று துள்ளினால் தெருவில் எந்தக் கோளாறும் இல்லை, குறை நம் சுவர்களுக்குள் இருக்கிறது. மோடம் வரை சீராக இருந்து, வெளி முகவரிக்கு மட்டும் துள்ளினால் நிறுவனத்திடம் பேச உறுதியான ஆதாரம் கிடைத்துவிட்டது.

வைஃபை: வீட்டுக்குள் இருக்கும் இடைஞ்சல்

லைன்மேன் மோடத்தை எங்கே வைக்கிறார்? கம்பி எந்த ஜன்னல் வழியே உள்ளே வருகிறதோ, அதற்கு மிக அருகில். அவருக்கு அது வசதி. வீட்டின் ஒரு மூலையில், தொலைக்காட்சிக்குப் பின்னால், சில வீடுகளில் பரணிலோ பீரோவுக்கு மேலேயோ மோடம் போய் உட்கார்ந்துவிடுகிறது. அங்கிருந்து அலைகளில் பாதி பக்கத்து வீட்டுக்கும் தெருவுக்கும் போகின்றன.

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவர்களை ஓரளவு தாண்டும், தொலைவு போகும், ஆனால் வேகம் குறைவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் அதைச் சீக்கிரம் விழுங்கிவிடும். நம் ஊர் வீடுகளுக்கு இது பெரிய சிக்கல். மரச்சட்டமும் அட்டைப்பலகையுமாகக் கட்டப்படும் வெளிநாட்டு வீடுகளில் கூட்டுக்குள் காற்று போல அலை நுழைந்துவிடும். செங்கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, குளிர்பெட்டி, நிலைக்கண்ணாடி, நீர்த்தொட்டி ஆகியவை இருக்கும் இடத்தில் அது நடக்காது. கீழ்த்தளத்து மோடத்தை நம்பி மாடியில் வேலை செய்பவருக்குத் தலைக்கும் அலைக்கும் இடையே இரும்புக் கம்பிகள் பின்னிய ஒரு தளமே நிற்கிறது.

2.4 ஜிகாஹெர்ட்ஸில் இன்னொரு தொல்லை இடநெருக்கடி. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய தடங்கள் மூன்றே: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு மோடங்கள் இந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையை ஒட்டித்தான் வேலை செய்கிறது; அது ஓடும் நேரத்தில் மட்டும் அழைப்பு உடைகிறது என்றால் காரணம் தெரிந்துவிட்டது. ஒற்றை ஆன்டெனா கொண்ட பழைய கைப்பேசிக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸில், வழக்கமான தட அகலத்தில் கிடைக்கும் இணைப்பு வேகம் 72 எம்பிபிஎஸ். ஒழுங்குமுறைச் செய்திகளுக்கும் காத்திருப்புக்கும் போக அதில் பாதி, சற்று அதிகம் கைக்கு வரும். 100 எம்பிபிஎஸ் திட்டத்தை அந்தக் கைப்பேசி ஒருநாளும் முழுதாகப் பார்க்கப்போவதில்லை. 300 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கினாலும் இதே நிலைதான்.

பலர் அறியாத ஒன்று: வைஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சாதனங்கள் முறைவைத்துப் பேசுகின்றன. சுவருக்கு அப்பால் பலவீனமான அலையில் இருக்கும் பழைய கைப்பேசி, அதே அளவு தரவை அனுப்பப் பலமடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு நேரமும் மோடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதிய மடிக்கணினி காத்திருக்கிறது. தெருமுனைக் குழாயில் மெல்லிய சொட்டில் குடம் பிடிப்பவர் ஒருவர் நின்றால் பின்னால் இருக்கும் வரிசை முழுவதும் நிற்பது போல. வீட்டில் ஒருவருக்கு இழுத்தால் எல்லோருக்கும் இழுப்பதன் காரணம் பல நேரங்களில் இதுதான்.

செய்யக்கூடியவை, பயன் அதிகமான வரிசையில்:

1. மோடத்தை வீட்டின் நடுவுக்கு, திறந்த இடத்தில், தலைமட்ட உயரத்துக்கு நகர்த்தவும். ஃபைபர் கம்பியை நீட்டிக்கொடுக்க லைன்மேனிடம் கேட்கலாம். ஒரே ஒரு சுவர் குறைந்தாலும் வேறுபாடு தெரியும்.

2. அசையாத சாதனங்களை, குறிப்பாகத் தொலைக்காட்சியையும் மேசைக் கணினியையும், லேன் கம்பியில் இணைக்கவும். அவை காற்றை விட்டு விலகினால் கைப்பேசிகளுக்கு இடம் கிடைக்கும்.

3. இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைக்கவும். மோடம் உள்ள அறையிலும் அடுத்த அறையிலும் 5 ஜிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்தி, கேமரா, விளக்கு போன்றவற்றை 2.4-க்கு விட்டுவிடலாம்.

4. 2.4-இல் அக்கம்பக்கத்தில் எந்தத் தடம் குறைவாகப் பயன்படுகிறதோ அதைத் தேர்வு செய்யவும். மூன்றில் ஒன்றாகவே இருக்கட்டும். இடைப்பட்ட 3, 4, 8 போன்றவற்றை எடுத்தால் இரண்டு பக்கத்து நெரிசலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம்.

5. மேல்மாடிக்கு இரண்டாவது வைஃபை பெட்டி தேவை என்றால், அதை லேன் கம்பியால் மோடத்துடன் இணைக்கவும்.

ஐந்தாவதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ரிப்பீட்டர்கள் மோடத்தின் அலையைக் கேட்டு, அதே தடத்தில் திரும்பச் சொல்கின்றன. ஒரே செய்தி இரண்டு முறை காற்றில் போவதால் வேகம் பாதியாகிறது. அதோடு, அலை ஏற்கெனவே செத்துப்போன அறையில் வைத்தால் அது பலவீனத்தைத்தான் பெருக்கிக் கொடுக்கும். கைப்பேசியில் கோடுகள் நிறைந்து காட்டும்; இணையம் நகராது. புதிதாக வீடு கட்டுபவர்கள் மின்கம்பிக் குழாயோடு அறைக்கு அறை லேன் கம்பிக்கும் ஒரு தனிக்குழாய் விட்டுவைப்பது, பிற்காலத்தில் வாங்கும் எந்தப் பெட்டியையும்விட அதிகம் உதவும்.

அலையின் பலத்தை எண்ணாகவே பார்க்க முடியும். வைஃபை பகுப்பாய்வுச் செயலிகள் அதை டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு காட்டும். −50 மிக நல்லது. −67 வரை காணொளி அழைப்பு தாங்கும். −80 என்றால் இணைப்பு பெயருக்குத்தான். இந்த அலகில் 10 குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகிறது என்பதால் −60-க்கும் −80-க்கும் இடையே நூறு மடங்கு வேறுபாடு இருக்கிறது.

வேகம் இருந்தும் உறையும் அழைப்பு

இப்போது அந்தத் தனி நோய். வேகச் சோதனையில் எண் சரி, வைஃபை பலமும் சரி. ஆனாலும் வீட்டில் யாரோ ஒருவர் எதையோ பதிவேற்றத் தொடங்கியதும் மற்றவர்களின் அழைப்பு குலைகிறது.

மோடத்துக்குள் ஒரு காத்திருப்பு அறை உண்டு. வெளியே போகும் பாதை நிரம்பியிருக்கும்போது பொட்டலங்கள் அங்கே வரிசையில் நிற்கின்றன. எதையும் தொலைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தயாரிப்பாளர்கள் அந்த அறையைப் பெரிதாக்கினார்கள். வினை அங்கேதான் தொடங்கியது. பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ், காத்திருப்பு அறை 1 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், நிரம்பிய அறை காலியாக 0.8 நொடி ஆகும். கைப்பேசி தன் புகைப்படங்களை மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) அனுப்பத் தொடங்கியதும் அறை நிரம்புகிறது. அதன் பின்னால் வந்து நிற்கும் குரல் பொட்டலம், அளவில் மிகச் சிறியதாக இருந்தும், முக்கால் நொடிக்கு மேல் காத்திருந்துதான் வெளியேறுகிறது. இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் சூட்டிப் பரவலாகக் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் இதற்கு ஒரு வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டார்கள்.

உறுதிசெய்வது எளிது. 8.8.8.8-க்குப் பிங் அனுப்பிக்கொண்டே, இன்னொரு சாதனத்தில் பெரிய காணொளி ஒன்றைப் பதிவேற்றவும். அதுவரை 20 என்று இருந்தது 300, 600 என்று ஏறி, பதிவேற்றம் நின்றதும் மறுபடி 20-க்கு இறங்கினால் நோய் இதுதான். திறந்தமூல மென்பொருளில் இயங்கும் சில ரூட்டர்களில் வரிசை மேலாண்மையை இயக்கி, வேக வரம்பை உண்மையான வேகத்தில் 90 விழுக்காடு அளவுக்கு வைத்தால் அடங்கிவிடும். நிறுவனம் தரும் மோடத்தில் அந்த வசதி இல்லாத வீடுகளில், புகைப்படக் காப்பும் கணினிப் புதுப்பிப்பும் நள்ளிரவில் நடக்கும்படி அமைத்துவிடலாம். சிசிடிவி கேமராக்களையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். நாள் முழுதும் படத்தை மேகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நான்கு கேமராக்கள், பதிவேற்றப் பாதையை ஓசையின்றி நிரப்பிவைத்திருக்கும்.

தெருவில் வரும் கண்ணாடி இழை

வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பரவலாக இருக்கும் ஜிபான் தொழில்நுட்பத்தில், பரிமாற்றகத்திலிருந்து வரும் ஒற்றை இழையின் ஒளி, தெருவில் உள்ள பிரிப்பான் பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் ஒளியின் பலம் பாதியாகிறது. வீட்டுக்கு வந்து சேரும் பலத்தை மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் பார்க்கலாம், இதுவும் டிபிஎம்தான். −15 முதல் −24 வரை என்றால் கவலையில்லை. −27 எல்லைக்கோடு. லைன்மேன் கையில் வைத்திருக்கும் சிறு மீட்டர் காட்டுவதும் இதே எண்தான். அவர் வரும்போது கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம்.

எல்லைக்கோட்டை நெருங்கும்போது பிட்டுகள் பிழையாகி, பொட்டலங்கள் தொலையத் தொடங்குகின்றன. இணையத்தின் தரவுப் போக்குவரத்து விதி, பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீண்டகாலம் வழக்கிலிருந்த முறையின் கணக்குப்படி, 40 மில்லிநொடித் தாமதமுள்ள ஒரு தொடர்பில் நூற்றுக்கு ஒரு பொட்டலம் தொலைந்தால், அந்தத் தொடர்பின் வேகம் ஏறத்தாழ 3.5 எம்பிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடும். திட்டம் 100 ஆனாலும் 1000 ஆனாலும் அந்த எண் மாறாது. ஒரு விழுக்காடு என்பது காகிதத்தில் சிறியதாகத் தெரியும் எண். அதைப் பார்த்து "பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ஒளி குறைவதற்கான காரணங்களில் பாதி கண்ணால் பார்த்தாலே தெரியும். ஜன்னல் கம்பியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய இழை, கதவிடுக்கில் நசுங்கும் இழை, மோடத்தின் பின்னால் கூர்மையாக மடிந்த இழை. கண்ணாடி இழை மடங்கும் இடத்தில் ஒளி வெளியே கசிகிறது. வெளியே என்றால் காற்றில் உரசும் மரக்கிளை, அணிலும் எலியும் கடித்த உறை, மழைக்காலத்தில் அவசரமாக ஒட்டிவிட்டுப் போன இணைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு திடீரென மோசமான இணைப்புகளில் இந்தக் கடைசிக் காரணத்தைக் கண்டிப்பாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

இரவில் மட்டும் விழும் வேகம்

ஜிபானில் ஓர் இழையின் மொத்தப் பதிவிறக்கத் திறன் நொடிக்கு 2.488 ஜிகாபிட். அதை 32 வீடுகளும் ஒரே நேரத்தில் முழுதாகக் கேட்டால் ஆளுக்கு 77 எம்பிபிஎஸ்தான். 64 வீடுகள் என்றால் 38. எல்லோரும் ஒரே நொடியில் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் 100, 200 என்று திட்டங்கள் விற்கப்படுகின்றன. பெரும்பாலும் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை. பரிமாற்றகத்துக்கு அப்பால் நிறுவனம் வாங்கிவைத்திருக்கும் மேல்நிலைக் கொள்ளளவு போதாமல் போவதே அடிக்கடி நடப்பது. இரண்டில் எதுவானாலும், மூன்று வேளைச் சோதனைத் தாள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால் தரவு வரம்பு முடிந்ததா என்று கணக்கைப் பார்க்கவும். 'வரம்பற்ற' என்று பெயர் கொண்ட பல திட்டங்களிலும் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்ற வரம்பு சிறிய எழுத்தில் இருக்கும்.

கடலுக்கு அப்பால் நடப்பது

2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கேபிள்கள் அறுந்தபோது, தம் வீட்டு மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டவர்கள் ஏராளம். இப்படிப்பட்ட நாட்களில் அடையாளம் தெளிவாக இருக்கும்: யூடியூப் ஓடுகிறது, உள்நாட்டு வங்கித் தளம் திறக்கிறது, ஐரோப்பாவில் உள்ள அலுவலகச் சர்வர் மட்டும் நகர மறுக்கிறது. பெரிய காணொளி நிறுவனங்கள் தம் படங்களை உள்ளூரிலேயே நகலெடுத்து வைத்திருப்பதால் அவை கடல் தாண்ட வேண்டியதில்லை. வேகச் சோதனையும் அருகிலுள்ள சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும் என்பதால் அதுவும் நன்றாகவே வரும். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் என்ற சோதனை அந்த நிறுவனத்தின் சொந்தச் சர்வர்களோடு பேசுகிறது. வழக்கமான சோதனையில் நல்ல எண், இதில் மட்டும் மோசம் என்றால், குறை வீட்டில் இல்லை, அந்தச் சர்வர்களுக்குச் செல்லும் பாதையில் இருக்கிறது.

தொலைவுக்கு ஒரு கீழ்வரம்பும் உண்டு. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் கேபிள்; போய்வர 32 மில்லிநொடி. சிங்கப்பூர்ச் சர்வரில் விளையாடும் பிள்ளை 10 மில்லிநொடி பிங் கேட்டால் அதை எந்த நிறுவனத்தாலும் தர முடியாது.

ஆதாரத்தோடு புகார்

குறை நிறுவனத்தின் பக்கம் என்று தெரிந்த பிறகு, புகாரை எழுதும் விதம் முக்கியம். "நெட் வரவில்லை" என்ற புகாருக்கு "அணைத்துப் போடுங்கள்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "லேன் கம்பியில், மற்றச் சாதனங்களைத் துண்டித்து, மூன்று நாள் சோதித்தேன். காலை 95, மதியம் 94, இரவு 8.30-க்கு 11 எம்பிபிஎஸ். மோடம் வரை பிங் 1 மில்லிநொடி, வெளியே 180. ஒளியின் பலம் −26.8." இதைப் படிக்கும் பொறியாளர் வைஃபையைக் காரணம் காட்ட முடியாது.

1. புகாரைப் பதிவுசெய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கவும். லைன்மேனிடம் வாயால் சொன்னது புகாராகக் கணக்கில் வராது.

2. உரிய காலத்தில் தீரவில்லை என்றால், அல்லது தீர்வு திருப்தி இல்லை என்றால், நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. தனிநபர் புகார்களை அந்த ஆணையம் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால், அங்கே மனு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம்.

3. அதன் பிறகும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாமா என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்த்துவைத்தது: விசாரிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

மூன்று படியிலும் முதலில் கேட்கப்படுவது தேதியும் புகார் எண்ணும். சோதனை எண்கள் எழுதிய அந்தத் தாளிலேயே அவற்றையும் குறித்துவைத்து, மோடத்தின் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். அடுத்த முறை லைன்மேன் வரும்போது அவருக்கும் அது வேலையை எளிதாக்கும்.